ஒரு வரி நிறைய ம்

இரவல் எடுத்த மின்னூல் முதல் நாள்
என்னிடம் சொன்னது ஒரே ஒரு சொல்: "படம்."
விரலால் தள்ளினேன். "படம்."
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமும் படம்.
யாரோ ஸ்கேன் பண்ணி ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்.
பார்க்கிறவருக்கு அது புத்தகம்.
எனக்குப் பூட்டிய கடையின் இரும்புக் கதவு.

உவர்மலையிலிருந்து இறங்கி
நூலகத்துக்கே போய்ச் சொன்னேன்.
வழியில் ஏதோ ஒன்று என் பிரம்பை முகர்ந்தது;
மான் என்று ஆட்டோக்காரன்தான் சொன்னான்.
நூலகர் கமலவேணி கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, "அடிச்சுத் தர ஒரு ஆள் இருக்கு அக்கா,
பேர் மட்டும் சொல்ல வேண்டாமாம்" என்றா.

பத்து நாளில் முதல் அத்தியாயம் வந்தது.
சங்கு குளிக்கிறவர்களின் கதை.
கைப்பேசிக் குரல் கொஞ்சமும் கூசாமல் வாசித்தது:
"அவன் சகு எடுக்க இறகினான்."
நிறுத்தி, எழுத்தெழுத்தாய் நகர்த்திக் கேட்டேன்.
ச.
கு.
நடுவில் ஒன்றும் இல்லை.
தகை, எகே, தூகினான்.
அந்த ஆளின் விசைப்பலகையில்
ங் தேய்ந்து போயிருக்கிறது.

பத்தொன்பது வருடம்
வங்கியில் கையொப்பம் ஒப்பிட்டவள் நான்.
ஒரு சுழி குறைந்தாலும் காசோலை திரும்பும்.
விழித்திரையில் இரத்தம் கசிந்த வருடம்
கடைசியாக நான் திருப்பியது
ஓர் உண்மையான கையொப்பம்.
மட்டிக்களியில் மரக்காலை வைத்திருந்தவர்,
கவுண்டரில் வந்து நின்று கத்தினார்.
அவர் கத்தினது சரி.

இப்போது எனக்குத் திரும்பவும் வேலை கிடைத்திருக்கிறது,
சம்பளம் இல்லாமல்.
கேள்விக்குறிக்கு முன்னால் எப்போதும் ஓர் இடைவெளி:
இவர் கேட்பதற்கு முன் தயங்குகிற ஆள்.
சோறும் மீனும் வருகிற பந்திகளில் பிழை கூடும்:
பசியோடு அடிக்கிறார்.
படகு வருகிற இடங்களில் பிழையே இல்லை.
சல்லியோ, மூதூரோ,
எங்கோ கடலைப் பார்த்து வளர்ந்த விரல்.

நான்காம் அத்தியாயத்தில்
புயல் நடுவில் குரல் முனகத் தொடங்கியது:
ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்
கைப்பேசி பழுதென்று நினைத்து அணைத்து, போட்டேன்.
ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்
எண்ணினேன். நாற்பத்து மூன்று.
பிறகு பாதியில் விட்ட சொல்லின் மீதிப் பாதி,
ஒன்றுமே நடக்காததுபோல்.

விரலை எடுக்காமலே தூங்கியிருக்கிறார்.

கமலவேணி கேட்டா,
"பிழையெல்லாம் திருத்திப் போடவா?"
"போடுங்கோ. பிறகு எடுக்கிறவைக்கு
சங்கு சங்காய் இருக்க வேணும்.
என்ர பிரதியில மட்டும் கை வைக்காதேங்கோ."
தவணை நீட்டிக்கப் படிவம் தந்தா.
கோடு இருக்குமிடத்தில் என் விரலை வைத்துக் காட்டினா.
ஒப்பமிட்டேன்.
"கொஞ்சம் கோட்டுக்கு வெளியில போட்டுது, பரவாயில்லை."
நானாயிருந்தால் திருப்பியிருப்பேன் என்றேன்.
இருவரும் சிரித்தோம், அவ ஒரு நொடி பிந்தி.

பதினான்கு நாள் கழிந்தால் நள்ளிரவில்
வசனத்தின் நடுவிலும் நூல் மூடிக்கொள்ளும்.
இந்த முறை மூடவில்லை.
இரவு. துறைமுகத்தில் ஏதோ கப்பல்
ஒருமுறை ஊதிவிட்டு ஓய்ந்தது.
ஒன்றே முக்கால் வேகத்தில் கேட்கிற பழக்கம் எனக்கு;
வேகமில்லாவிட்டால் நித்திரை வந்துவிடும்.
ஆனால் நான்காம் அத்தியாயம், புயல்,
அந்த வரி நெருங்குகிறபோது
வேகத்தைக் குறைக்கிறேன்,
சத்தத்தையும் குறைக்கிறேன்,
நாற்பத்து மூன்று ம் முடியும்வரைக்கும்
போர்வையைக்கூட இழுக்காமல் கிடக்கிறேன்.
எழும்பிவிடக் கூடாது.
நாளைக்கும் வேலைக்குப் போகிற ஆளாய் இருக்கும்.